விளக்குக்குப் போட்ட கும்பிடு

மின்துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்து ஆட்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். கம்பத்தில் ஏறுவது, இறங்குவது, கையுறை போடுவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையே நானும் எழுதினால் நீங்கள் படிக்கப் போவதில்லை. படித்தாலும் நான் சொல்லும் சாமான் எதுவும் இப்போது ஸ்டோரில் கிடைக்காது. அதனால் கம்பத்தின் அடியில் நிற்கும் மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன். கரண்டால் எனக்கு வந்த தொல்லை கொஞ்சம்தான். கரண்டு வந்த பிறகு மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டதைப் பார்த்து வந்த தொல்லைதான் இன்னும் போகவில்லை.

நல்லபடியாக முடியும் கதை என்று எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம். எனக்கு அப்படி எழுத வராது.

எனக்கு வேலை பழக்கிய ஃபோர்மேன் ஒருவர் இருந்தார், பெயர் வேண்டாம். புது இணைப்பு கொடுத்த இடத்தில் விளக்கு எரிந்ததும் ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டார். "மால வாங்கிப் பழகிட்டா, மால வராத எடத்துல வேல செய்ய கை வராதுடா. எறங்கினியா, சைக்கிள எடுத்தியா, கெளம்பு" என்பார். பெரிய ஞானி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் ஓய்வு பெற்ற அன்று, மாலை குறைவாக விழுந்தது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் போனார். அவரைக் குறை சொல்லவில்லை. நமக்கெல்லாம் உள்ளே அது இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

எழுபதுகளின் தொடக்கம். புதுச்சேரியில் பாகூர் கொம்யூன் வட்டாரத்தில் எனக்கு லைன்மேன் வேலை. சொந்த ஊர் ஒதியம்பட்டு. தினமும் போய்வரக் கட்டாது என்று பாகூரிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். நான் சொல்லப்போகும் ஊரின் பெயரை எழுத மாட்டேன். அந்தப் பெரிய வீட்டின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், காலனியிலும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் என்மேல்தான் சண்டைக்கு வருவார்கள்.

ஊருக்குக் கரண்டு முன்பே வந்துவிட்டது. காலனிக்கு வரவில்லை. நடுவில் வயல். கம்பம் நட வேண்டுமானால் யாராவது ஒருவர் தன் வயலில் இடம் விட வேண்டும். ஏர் திரும்பாது, பயிரில் நிழல் விழும், கம்பி அறுந்தால் மாடு சாகும் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். உள்ளே இருந்த காரணம் வேறு. அதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை, இந்த மண்ணில் பிறந்த உங்களுக்குத் தெரியும்.

கடைசியில் இடம் விட்டவர் மேர் வூட்டு ஐயா. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவருடைய அப்பா ஊருக்கு மேராக, அதாவது தலைவராக, இருந்தவர். பிரெஞ்சுக்காரனும் போய் மேர் பதவியும் போன பிறகு அந்தப் பெயர் மட்டும் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஐயா கம்பம் நட விட்டதோடு நிற்கவில்லை. சொந்தக்காரர்களின் பேச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எங்கள் ஆபீசுக்குத் தானே வந்து, உதவிப் பொறியாளரின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, "அதுங்க இருட்டுல கெடக்குதுங்க, சீக்கிரம் பண்ணுங்க" என்று கேட்டார். அவரைப் போன்ற ஒருவர் காலனிக்காக நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு, கெட்ட மனுஷன் என்று நீங்கள் சுலபமாக முடிவு கட்டக் கூடாது.

அந்தக் காலத்தில் தெருவிளக்கு தானாக எரியாது. சாயங்காலம் ஒருவர் ஸ்விட்சைப் போட வேண்டும், விடிந்ததும் அணைக்க வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் லைன்மேன் ஓட முடியுமா? அதனால் கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி வைத்து, உள்ளே ஸ்விட்சை வைத்துப் பூட்டி, சாவியை உள்ளூரில் ஒருவரிடம் கொடுப்போம். ஆபீஸ் பாஷையில் அவருக்குப் 'பொறுப்பான நபர்' என்று பெயர். காலனிக்குப் பிரியும் கம்பி ஐயா வீட்டு வாசல் கம்பத்திலிருந்துதான் கிளம்பியது. பெட்டியை அங்கேயே வைத்தோம். சாவி ஐயாவிடம். பொறுப்பான நபர் வேறு யார் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் என்னைப் பைத்தியக்காரன் என்றிருப்பார்கள்.

முதல் நாள் சாயங்காலம் ஐயா தன் கையாலேயே ஸ்விட்சைப் போட்டார். வயலுக்கு அந்தப் பக்கம் காலனி முனையில் விளக்கு எரிந்தது. அங்கே கூடியிருந்த சனம் மொத்தமும் கையெடுத்துக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாயங்காலம் விளக்கு வைத்தால் நம் சனம் செய்வதுதானே. மண்ணெண்ணெய்ச் சிம்னியை ஏற்றினாலும் கும்பிடும், கடையில் பெட்ரோமாக்ஸைப் பற்ற வைத்தாலும் கும்பிடும். ஆனால் அந்தக் காலனி முனை விளக்கைப் பார்த்து நின்றால், அதற்கு நேர் பின்னால் வயலைத் தாண்டித் தெரிவது மேர் வூடு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஐயாவுக்கு, ஒரு காலனியே தன்னைப் பார்த்துக் கைகூப்பி நிற்பது போலத் தெரிந்திருக்கிறது.

யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் இந்தப் பக்கம் ஒருவர் ஒன்றை நினைத்துக்கொண்டார், அந்தப் பக்கம் மற்றவர்கள் வேறொன்றை நினைத்துக் கும்பிட்டார்கள். மாதக்கணக்கில் இரண்டு பக்கமும் திருப்தியாகப் போனது.

ஐயா மாறிப்போனார். கோர்ட்டு வேலையாகப் புதுச்சேரிக்குப் போனாலும் பொழுது சாய்வதற்குள் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். சாவியை வேலைக்காரனிடம் கொடுக்க மாட்டார். பல்பு மாற்ற நான் போனால், "இருப்பா, பாத்துட்டுப் போ. எப்படிக் கும்புடுதுங்க பாரு" என்பார். அவர் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷம் பொய்யில்லை. காலனியில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முன்னைவிட வேகமாக வண்டி கட்டச் சொன்னார். தன்னை நல்லவன் என்று நாலு பேர் நினைக்கிறார்கள் என்ற நினைப்பு ஒருவரை உண்மையிலேயே நல்லவராக்குவதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் அவரை முழுசாகத் திட்ட எனக்கு இன்றும் வாய் வருவதில்லை.

எல்லாம் கெட்டுப்போனது ஒரு புல்லுக்கட்டால்.

அன்றைக்கு ஐயா வீட்டுக்கு வில்லியனூரிலிருந்து சம்பந்தி வந்திருந்தார். நான் பெட்டியில் ஃபியூஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்கிற நேரம். காலனியைச் சேர்ந்த பூங்காவனம் தலையில் புல்லுக்கட்டோடு அந்த வழியாக வந்தாள். முப்பது வயசிருக்கும். நடவு, களையெடுப்பு எல்லாம் மேர் வூட்டு வயலில்தான். அவள் புருஷன் ஏழுமலை அந்த வீட்டில் ஏர் ஓட்டுகிறவன். ஐயா எழுந்து வந்து ஸ்விட்சைப் போட்டார். எதிரே விளக்கு எரிந்தது. காலனி முனையில் நின்றவர்கள் கும்பிட்டார்கள். சம்பந்திக்கு அதைக் காட்டிய ஐயா, பக்கத்தில் நின்ற பூங்காவனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாம்மா, நீ மட்டும் கையெடுக்கல?"

"தலையில கட்டு இருக்குதுங்க. வெளக்க மனசுலயே கும்புட்டுக்கினேன்."

"வெளக்கையா?"

"பின்ன இன்னாத்தங்க ஐயா?"

அவள் குரலில் துளிகூட எதிர்ப்பு இல்லை. நான் பக்கத்தில் நின்று கேட்டவன், சத்தியம் பண்ணுவேன். அவர் கேட்டது அவளுக்குப் புரியவே இல்லை. விளக்கு வைத்தால் விளக்கைக் கும்பிடுவார்கள், இதில் என்ன கேள்வி என்பது போலப் பார்த்தாள். பிறகு கட்டைச் சரிசெய்துகொண்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டாள்.

சம்பந்தி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் இத்தனையும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். ஐயாவும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது. எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஃபியூஸை மாட்டிவிட்டுச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு விளக்கு தாமதமாக எரிய ஆரம்பித்தது. சில நாள் எரியவே இல்லை. யாராவது போய்க் கேட்டால், "அட, மறந்தே போயிட்டேன்" என்பார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருட்டினால் காலனிப் பெண்கள் வெளியே ஒதுங்க வாய்க்கால் ஓரம்தான் போக வேண்டும். அந்த ஓரத்தில் பாம்பு உண்டு. பூங்காவனத்தின் மாமியாரையே, கரண்டு வருவதற்கு முந்தின வருஷம், அங்கேதான் பாம்பு கடித்தது. ஐயா தன் வில்வண்டியைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதால் கிழவி பிழைத்தாள்.

காலனி நாட்டாமை நாலு பேரோடு போய் ஐயா முன்னால் நின்றார். "ஐயா, அது புத்தி கெட்டுப் பேசிச்சி. மனசுல வச்சிக்காதீங்க."

"எனக்கு இன்னாடா கோவம்? வெளக்கத்தான கும்புடுறீங்க? வெளக்கையே போயி கேளுங்க, எரியச் சொல்லி" என்றார் ஐயா.

அந்த வருஷம் நடவுக்கு மேர் வூட்டில் வேறு ஊர் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். காலனிப் பெண்கள் யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அது ஏன் என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை. பூங்காவனம் ஒரு நாள் சாயங்காலம் மேர் வூட்டு வாசலில் வந்து நின்று, விளக்கு எரியும்போது ஐயாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று மட்டும் ஐயா வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அவ்வளவுதான் கேட்டது. நிலத்தைக் கேட்கவில்லை, காலில் விழச் சொல்லவில்லை. ஒரு கும்பிடு.

அவள் மாட்டேன் என்றாள்.

விளக்கு எரியவில்லை என்ற புகார் ஆபீசுக்கு வந்ததால் நான் காலனிக்குப் போனேன். பூங்காவனத்தின் வீட்டு வாசலில் நின்று பேசினேன். பிடிவாதக்காரியாக இருப்பாள், சத்தம் போடுவாள் என்று நினைத்துப் போனேன். அவள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டே நிதானமாகப் பேசினாள்.

"அவரு நல்லவருதான் சார். எங்க மாமியாள பாம்பு கடிச்சப்ப வண்டி குடுத்தாரு. அது அவரு வண்டி, அவரு மாடு. அதுக்கு நானு எத்தினி வாட்டி கும்புட்டிருக்கேன் தெரியுமா? இப்பக் கூப்புட்டு அதுக்குக் கும்புடுன்னு சொன்னாலும் கும்புடுவேன். வெளக்கு அவருதா? நீங்களே சொல்லுங்க, வெளக்கு யாருது?"

"சர்க்காருது."

"சர்க்காரு யாருக்குப் போட்டுச்சி?"

"உங்களுக்குத்தான்."

"அப்பறம்?"

"ஒரு கும்பிடுதானம்மா. காலனியே உன்னால வேல இல்லாம கெடக்குது."

"கேக்காம இருந்தா போட்டிருப்பேன் சார். கேட்டுட்டாரே" என்றாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். 'நன்றி கெட்டவன்' என்று சொல்ல நம்மிடம் வார்த்தை இருக்கிறது. எத்தனை பேரைப் பார்த்து அதைச் சொல்லியிருப்போம். நன்றியை நின்று கேட்டு வாங்குகிறவனுக்கு ஒரு வார்த்தை இருக்கிறதா? நானும் இத்தனை வருஷமாகத் தேடுகிறேன், அகப்படவில்லை. தேவைப்பட்டவர்கள் வார்த்தை உண்டாக்கும் இடத்தில் இல்லை போலிருக்கிறது. பூங்காவனத்துக்கு எந்த உபகாரம் யாருடையது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. அதைப் பிரித்ததுதான் அவள் செய்த குற்றம்.

ஐயாவின் மனத்தாங்கலும் எனக்குப் புரிந்தது. அவர் கொடுத்தது நிஜம், அதற்காகப் பேச்சு கேட்டதும் நிஜம். அந்த நிஜத்துக்கு ஒரு வார்த்தை வேண்டும் என்று எதிர்பார்ப்பது பெரிய பாவமா? ஆனால் அந்த வார்த்தை கிடைக்கும்வரை மற்றவர்களை இருட்டில் வைத்திருக்கலாமா? முதல் கேள்விக்கு எனக்கு இன்றும் பதில் தெரியாது. இரண்டாவதற்குத் தெரியும். லைன்மேனுக்கு இரண்டாவது போதும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

உதவிப் பொறியாளர் ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னாத்துக்குயா வம்பு? அவங்களுக்குள்ளயே சரி பண்ணிக்குவாங்க" என்றார். விளக்கு எரியாத புகார் வந்தால் ஸ்விட்சைப் பராமரிப்புக்காக இடம் மாற்றலாம் என்று நான் வாதாடினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே, "உன் பொறுப்பு" என்றார். மறுநாள் மத்தியானம் பெட்டியை ஐயா வீட்டு வாசலிலிருந்து கழற்றி, காலனி முனைக் கம்பத்தில் மாட்டினேன். ஐயா வெளியே வரவில்லை. ஜன்னல் திறந்திருந்தது.

பெட்டியைப் பூட்டிவிட்டு, "சாவிய யாரு வச்சிக்கிறீங்க?" என்று கேட்டேன். கூடியிருந்தவர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் நகர்ந்துகொண்டார்கள். நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். விளக்கு வேண்டும் என்று புகார் கொடுத்தவர்களே அவர்கள்தான். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "யாருக்கும் வேணாம்னா திருப்பி எடுத்துக்கினு போறேன்" என்று கத்தினேன். கடைசி வரிசையிலிருந்து பூங்காவனம் வந்து கையை நீட்டினாள். ஏழுமலை அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று சைக்கிளில் சீட்டி அடித்துக்கொண்டு போனேன். தம்பிகளே, கம்பியை இடம் மாற்றினால் மனிதர்களும் இடம் மாறிவிடுவார்கள் என்று நம்புகிற வயசு அது.

ஒரு வாரம் கழித்து ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார். திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அவர் திட்டவில்லை. வாசல் நாற்காலியைக் காணவில்லை. உள்ளே உட்கார வைத்து, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எங்க பங்காளிங்க இன்னும் என்னாண்ட பேசறதில்ல, தெரியுமா உனக்கு? கம்பம் நட வுட்டேன்னு. அதுங்களுக்கோசரம்தான் வுட்டேன். நான் இன்னாப்பா கேட்டேன், நெலத்தயா, காசயா? ஒரு கும்புடு. அதுவும் தானா போட்டுக்கினு இருந்ததுங்க. போட்டுக்கினு இருந்ததுங்கன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. அத்தனை மாதமும் தனக்கு வந்த கும்பிடு தனக்கு வரவே இல்லை என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. "விளக்கு எரியணும் இல்லீங்களா ஐயா" என்று முணுமுணுத்துவிட்டு வந்தேன்.

காலனியில் விளக்கு தவறாமல் எரிந்தது. பூங்காவனம் நேரம் தவற மாட்டாள். ஆனால் நான் அடுத்த முறை சாயங்காலம் போனபோது பார்த்த காட்சியில் என் பெருமை அத்தனையும் இறங்கிவிட்டது. அவள் ஸ்விட்சைப் போட்டாள், விளக்கு எரிந்தது, கூடியிருந்தவர்களில் ஒருவர்கூடக் கும்பிடவில்லை. கும்பிட்டால் வயலுக்கு அந்தப் பக்கமிருந்து ஐயா பார்ப்பார், தன்னை வெறுப்பேற்றத்தான் கும்பிடுகிறார்கள் என்று நினைப்பார். அதோடு ஸ்விட்ச் பக்கத்தில் நிற்பது பூங்காவனம். "அவளயா கும்புடறது?" என்று ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. சிம்னி விளக்கைக்கூடக் கும்பிட்ட சனம், வெளிச்சம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனது. விளக்கைக் கும்பிட்டவள் பூங்காவனம் ஒருத்திதான்.

நடவு முடிந்து களையெடுப்பு வந்தது. அதற்கும் அவர்களைக் கூப்பிடவில்லை. பெண்கள் பல மைல் நடந்து வெளியூர்களுக்குப் போய் வேலை தேடினார்கள். திரும்பி வருகிறவர்கள் ஐயாவைத் திட்டவில்லை, பூங்காவனத்தைத் திட்டினார்கள். "ஒன் வெளக்கு சோறு போடுமாடி?" என்று கேட்டார்கள். 'எங்கள் விளக்கு' என்று இருந்தது எப்போது 'உன் விளக்கு' ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. குழாயடியில் அவள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். அவள் மாமியார், பாம்புக்குத் தப்பிய அந்தக் கிழவி, அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஐயா வண்டி தராவிட்டால் தான் இன்று இல்லை என்பது கிழவியின் கணக்கு. அதுவும் சரிதானே? அவளிடம் போய் யார் நியாயம் பேசுவது?

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். இத்தனை பேரின் வயிற்றில் அடித்தவர் ஐயா. கோபம் ஏன் அவர்மேல் போகவில்லை? ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. மேலே இருப்பவர்மேல் கோபப்பட வேண்டுமானால் நாளைக்கு அவரிடம் போகாமல் இருக்க முடிய வேண்டும். அவர்களால் முடியாது. நிமிர்ந்து நின்றவள் பக்கத்திலேயே இருந்தாள், எட்டிப் பிடிக்கிற தூரத்தில். அவள் நிமிர்ந்து நின்றது, தாங்கள் நிற்கவில்லை என்பதைத் தினமும் சாயங்காலம் வெளிச்சம் போட்டுக் காட்டியது. அதை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பிறகு பல்பு உடைய ஆரம்பித்தது. நான் மாற்றுவேன், இரண்டு நாளில் உடைந்திருக்கும். ஊர்ப் பக்கத்து ஆட்கள் கல்லெறிகிறார்கள் என்று நினைத்தேன். கம்பத்தடியில் கிடந்த கல் வயல் கல் இல்லை, காலனிக்குள் வீடு கட்டக் கொட்டியிருந்த ஜல்லி. ஒரு நாள் பட்டப்பகலில் பல்பு மாற்றிவிட்டுச் சைக்கிளில் ஏறிக் கொஞ்ச தூரம் போனவன், இடுக்கியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தேன். கம்பத்தடியில் ஏழுமலை நின்றிருந்தான். கையில் ஜல்லி. என்னைப் பார்த்ததும் அதைக் கீழே போடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"நீயா?"

"இன்னா சார் பண்ணச் சொல்றீங்க? ஏர வேற ஆள்கிட்ட குடுத்துட்டாங்க. வூட்ல அம்மா பேச மாட்டேங்குது. இது எரியற வரிக்கும் எனக்கு வேல இல்ல. அவகிட்ட சொன்னா கேக்க மாட்டேங்கிறா. கரண்டுகிட்ட நானு இன்னாத்தச் சொல்றது?"

நான் அவனைத் திட்டவில்லை. இடுக்கியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள்தான் அவனுக்கு எல்லாம் என்று அந்தக் காலனியில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே அவளுக்காக வீட்டோடு சண்டை போட்டவன். அவன் கையில் அந்தக் கல்லைப் பார்த்த பிறகு எனக்கு அந்த ஊருக்குப் போகவே கால் வரவில்லை.

நாட்டாமையும் காலனி ஆட்களும் ஆபீசுக்கு வந்தது அந்த மாசக் கடைசியில். மேஜைக்கு முன்னால் நின்று, ஸ்விட்சைப் பழையபடி மேர் வூட்டு வாசலிலேயே வைத்துவிடச் சொல்லிக் கேட்டார்கள். "எங்களுக்கு அங்கியே இருந்தா போதும் சார். பொறுப்பான ஆளுகிட்ட இருக்கட்டும்" என்றார் நாட்டாமை. எங்கள் ஆபீஸ் வார்த்தையையே எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். உதவிப் பொறியாளர் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் அப்போதே சொன்னேனே என்பது எழுதி ஒட்டியிருந்தது. உத்தரவு போட்டார். வேறு ஆளை அனுப்புங்கள் என்று கேட்டேன். கழற்றி மாட்டியவனே திரும்பக் கழற்றி மாட்டு என்றார்.

நான் அன்று பெட்டியை அங்கே கொண்டுபோனது தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். திரும்பக் கொண்டுவந்து மாட்டியதும் நான்தான், அதையும் மறைக்கவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்தது. பூங்காவனம் வரப்பு வழியாக வந்து சாவியை என் கையில் வைத்தாள். மெலிந்துபோயிருந்தாள். நான் அதை ஐயாவிடம் கொடுத்தேன். ஐயா வாங்கிக்கொண்டு கம்பத்தடிக்கு வந்தார். காலனி மொத்தமும் மேர் வூட்டு வாசலுக்கே வந்து நின்றது. முன் வரிசையில் ஏழுமலையும் கிழவியும். ஐயா ஸ்விட்சைப் போட்டார். வயலுக்கு அந்தப் பக்கம், ஆளே இல்லாத காலனி முனையில் விளக்கு எரிந்தது. எல்லோரும் அந்த விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஐயாவைப் பார்த்துக் கையெடுத்தார்கள்.

இந்தத் தடவை யாருக்கும் சந்தேகமில்லை. கும்பிடு ஐயாவுக்குத்தான். அவர் அவர்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனவர் பூங்காவனத்தின் முகத்தில் வந்து நின்றார். அவளும் கைகூப்பி நின்றாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை, ஒன்றுமே இல்லை. ஐயா பெட்டியைப் பூட்டினார். சாவியை வேலைக்காரன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் அந்த ஸ்விட்சைத் தொடவில்லை என்று வேலைக்காரன்தான் பின்னால் சொன்னான். மறுநாளிலிருந்து காலனிப் பெண்களை வயல் வேலைக்குக் கூப்பிட்டார்கள், ஏழுமலைக்கு ஏர் திரும்பக் கிடைத்தது.

கூட்டம் கலைந்தது. நான் ஏணியைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பூங்காவனம் என்னைத் தாண்டிப் போனவள் நின்றாள். "உனக்காகத்தாம்மா அன்னிக்கு மாத்தி வச்சேன். என்னால முடிஞ்சது அவ்ளோதான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துத் திரும்பினாள். பிறகு ஐயாவுக்குப் போட்ட அதே கும்பிட்டை, அதே முகத்தோடு, எனக்குப் போட்டாள்.

"ஒங்களுக்கும் இப்பவே போட்டுடறேன் சார். அப்பறம் நீங்களும் வந்து கேக்கக் கூடாது பாருங்க."

வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். நான் சைக்கிளில் ஏறிப் போகிறவரை அவள் கையை இறக்கவில்லை.